பத்ரிநாராயணன் அலகு போட்ட காலை

சௌபாக்யா நகர் நலச்சங்கத் தலைவர் பத்ரிநாராயணனுக்குக் கடவுள் கொடுத்தது நாக்கு. வங்கி கொடுத்தது ஓய்வூதியம். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகுமோ, அது சேலையூர் கேம்ப் ரோட்டை ஒட்டிய அந்தக் காலனியில் ஆகியிருந்தது. குடியரசு தினம், நவராத்திரி, தண்ணீர்த் தொட்டி கழுவிய தினம், எதுவானாலும் மைக் அவர் கைக்குப் போகும். போனால் திரும்பாது.

அவர் பேச்சின் தனிச்சிறப்பு, எதிரில் இருப்பவரைக் குத்துவது. சும்மா குத்திவிட்டு விட்டுவிட மாட்டார். இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் எடுத்து, நாலு பேர் பார்க்கத் திருப்பித் திருப்பி வாட்டுவார். மாடித் தோட்டம் போட்ட டாக்டர் கீதாவை, “கத்தரிச் செடியாவது இவர் கையால் பிழைக்கட்டும்” என்று மேடையிலேயே வாழ்த்தினார். கேட் காவலாளி லாசரஸ் நாற்காலியில் கண்ணயர்ந்தால், “லாசரஸ், எழுந்து வா” என்று, செத்துப்போன லாசரஸை இயேசு எழுப்பிய வேதாகமக் குரலில் கூப்பிடுவார். வருஷக்கணக்காக அதே ஒரு நகைச்சுவை. லாசரஸும் வருஷக்கணக்காகச் சிரித்துவந்தார், சம்பளத்துக்கான வேலைகளில் அதுவும் ஒன்று என்ற தெளிவோடு.

இப்படிப்பட்டவருக்குக் கோடையில் தொண்டை கட்டியது. குரல் நாணில் சின்னதாக ஒரு கட்டி. அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். ஒரு மாதம் வாய் திறக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னபோது, காலனியில் சிலர் ஆஸ்பத்திரியின் பெயரையும் முகவரியையும் அக்கறையாகக் குறித்துக்கொண்டார்கள்.

வாய் மூடினாலும் தலைமை மூடவில்லை. கையாலேயே நிர்வாகம் நடந்தது. ஒரு நாள் மாடியில் நின்றபடி தண்ணீர் லாரியைப் பின்பக்கமாகக் கொண்டு வரும்படி கையைச் சுழற்றினார். லாரியைத் திருப்பி அனுப்பச் சொல்கிறார் என்று லாசரஸ் புரிந்துகொண்டு அனுப்பிவிட்டார். அன்று முழுக்கக் காலனியில் யாரும் குளிக்கவில்லை. குரல் திரும்பியதும் தலைவர் போட்ட முதல் உத்தரவு இதுதான்: “இனி சைகை செல்லாது. சீட்டு செல்லாது. வாட்ஸ்அப் செல்லாது. நான் என் வாயால் சொன்னால்தான் உத்தரவு.”

குரல் அவ்வளவு சுலபமாகவும் திரும்பவில்லை. மாதம் முடிந்து வாயைத் திறந்தபோது காற்றுதான் வந்தது. பஞ்சரான டியூப் மாதிரி ‘புஸ்’ என்று ஒரு சத்தம். வரும், பொறுங்கள் என்றார் மருத்துவர். அந்த நாட்களில் பத்ரிநாராயணன் பால்கனியில் உட்கார்ந்து, யாரோ பிடுங்கிக்கொண்டு போன சொத்தைப் பார்ப்பது போலத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி சாவித்ரி அதைப் பார்த்துவிட்டு ஒரு சாயங்காலம் தனியாகச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். எங்கே என்று கேட்கக் குரல் உள்ளவர் வீட்டில் யாருமில்லை.

அடுத்த வாரம் குரல் வந்துவிட்டது. முன்னைவிடக் கணீரென்று.

திரும்பி வந்த குரல் முதலில் குத்தியது ஏகநாதனை.

ஏகநாதனை அங்கே தெரியாதவர் இல்லை. காலனி நிற்பதே அவர் குடும்பம் ஒரு காலத்தில் நெல் போட்ட இடத்தில்தான். இப்போது அவருக்கு வாடகைக் கட்டடங்கள், ஒரு கல்யாண மண்டபம், ஒரு வெள்ளை இன்னோவா. அம்மன் கோயில் தர்மகர்த்தாவும் அவரே. ஆடித் திருவிழா பேனரில் அம்மன் ஓர் ஓரமாக, பாஸ்போர்ட் அளவில் இருப்பாள். நடுவில் ஏகநாதன் கைகூப்பி நிற்பார். யார் யாருக்கு அருள் பாலிக்கிறார் என்பது வெளியூர்க்காரருக்குப் புரியாது.

ஆடியில் ஏரிக்கரையிலிருந்து கோயிலுக்கு அலகு போட்டவர்கள் ஊர்வலமாகப் போவார்கள். முன்பெல்லாம் காலனியின் மூன்றாவது தெரு வழியாகப் போனார்கள். பத்ரிநாராயணன் கேட் போட்ட பிறகு கேம்ப் ரோடு வழியாகச் சுற்றிப் போனார்கள். இந்த வருஷம் கேம்ப் ரோட்டில் மழைநீர் வடிகாலுக்காகப் பள்ளம் தோண்டி, தோண்டியதோடு நிறுத்தியிருந்தார்கள். அதனால் ஏகநாதன் சங்கத்தின் பொதுக்குழுவுக்கு வந்து, ஒரு காலை மட்டும் கேட்டைத் திறந்துவிடுங்கள் என்று கேட்டார்.

பத்ரிநாராயணன் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். “நண்பர் ஏகநாதன் மாட்டை நல்ல விலைக்கு விற்றுவிட்டார். வாங்கியவர்கள் நாம். இப்போது வந்து, சாணி மட்டும் என்னுடையது என்கிறார்.”

கூட்டம் சிரித்தது. ஏகநாதனும் கொஞ்சம் சிரிக்கப் பார்த்தார், உதடு ஒத்துழைக்கவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து இன்னும் சின்னதாக மடித்துக்கொண்டு எழுந்து போனார்.

வீட்டுக்கு வந்ததும் சாவித்ரி காபியை வைத்தார். வைத்த விதத்தில் பாதி சாஸரில் இருந்தது.

“அந்தக் குரலை யார் குடுத்தான்னு நெனைச்சேள்?” என்றார்.

“டாக்டர் குடுத்தார். பில்லும் குடுத்தார்.”

“அந்த அம்மன் குடுத்தா. நான் போய் வேண்டிண்டேன்.”

“பேஷ். பொங்கல் வெக்கறதா?”

“நீங்க அலகு குத்திக்கறதா.”

பத்ரிநாராயணன் காபியைக் கீழே வைத்தார். அடுத்தவர் உடம்பை ஈடுவைத்து வேண்டிக்கொள்வது நம் குடும்பங்களில் நடப்பதுதான். பாட்டி வேண்டுவாள், பேரன் மொட்டை போடுவான். ஆனால் முடி வளரும். கன்னத்தைப் பற்றி அவருக்கு அத்தனை நிச்சயமில்லை.

“நம்மாத்துல யாராவது இதெல்லாம் பண்ணியிருக்காளா சாவித்ரி?”

“நம்மாத்துல யாருக்காவது குரல் போயிருக்கா?”

“வெள்ளியில ஒரு அலகு பண்ணி உண்டியல்ல போட்டுடலாம்.”

சாவித்ரி சாஸரில் சிந்திய காபியை டம்ளரில் திருப்பி ஊற்றினார். பிறகு, “நான் சொன்னதை மாத்தினா, அவளும் மாத்திடுவாளோன்னு பயமா இருக்குன்னா. காத்து மட்டும் வந்துண்டு நீங்க அந்த பால்கனியில உக்காந்திருந்தேளே, அதை இன்னொரு தரம் என்னால பார்க்க முடியாது” என்றார்.

பத்ரிநாராயணனுக்கும் இன்னொரு முறை உட்கார முடியாது. பகுத்தறிவு தொண்டைக்கு மேலேதான் வேலை செய்யும் என்பதை அன்று கண்டுகொண்டார்.

மறுநாள் சாயங்கால நடையில் அவர் கால்கள் தாமாகவே கேம்ப் ரோட்டில் ஒரு கபாப் கடை முன்னால் நின்றன. ஏகநாதன் மகன் குமரவேலின் கடை. அதன் புகையைப் பற்றி அவரே முன்பு மூன்று பக்கத்துக்குப் புகார் எழுதியிருக்கிறார். இப்போது புகை அவர் கண்ணில் படவில்லை. குமரவேல் ஒவ்வொரு கோழித் துண்டாகக் கம்பியில் கோத்துத் தள்ளுவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இன்னா சார், புகை ஜாஸ்தியா கீதுங்களா?”

“இல்லப்பா. அந்தக் கம்பி எவ்வளவு நீளம்?”

“ஒன்ர அடி சார்.”

“இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் வர நேரமாகுமோ?”

குமரவேல் அவரை ஏற இறங்கப் பார்த்தான். “கோழி ஏற்கனவே செத்துப்போச்சு சார். அது கம்ப்ளெய்ன்ட் பண்றதில்ல.”

அந்த ஆறுதலோடு பத்ரிநாராயணன் சாவித்ரியை அழைத்துக்கொண்டு ஏகநாதன் வீட்டுக்குப் போனார். ஏகநாதன் நாற்காலி போட்டார், கூல்ட்ரிங்ஸ் கொடுத்தார், முகத்தை மட்டும் கொடுக்கவில்லை. சாவித்ரிதான் விஷயத்தைச் சொன்னார். அலகு போட்டுவிடுவது பரம்பரையாக ஏகநாதன் குடும்பத்து உரிமை. அதாவது, யாரைக் குத்தினோமோ அவர் கையில் இப்போது கம்பி.

ஏகநாதன் நெடுநேரம் பத்ரிநாராயணனின் இரண்டு கன்னங்களையும் மாறி மாறிப் பார்த்தார். நிலத்தை அளந்து விற்றவரின் பார்வை.

“எடம் நல்லாத்தான் கீது” என்றார். “காப்பு கட்டிக்குங்க சார். ஒரு வாரம் விரதம். ஆனா வழி? கேட்டு மூடிக்கினு கீதே.”

“அதை நான் பார்த்துக்கறேன்” என்றார் பத்ரிநாராயணன்.

பார்த்துக்கொண்ட விதம் இப்படி. தலைவர் இறங்கி வந்தார் என்று இருக்கக் கூடாது. தலைவர் திறந்துவைத்தார் என்று இருக்க வேண்டும். எனவே கேட்டில் சிவப்பு ரிப்பன் கட்டச் சொன்னார். ஊர்வலம் வந்து நிற்கும்போது தான் முன்னால் போய்ப் பாதை, பண்பாடு, பரந்த மனப்பான்மை என்ற மூன்று தலைப்புகளில் உரையாற்றி, முடிவில் ‘திற’ என்று சொல்வதாகத் திட்டம். உரையை எழுதி மனப்பாடமும் செய்தார். லாசரஸைக் கூப்பிட்டார்.

“நான் வந்து என் வாயால் ‘திற’ என்று சொன்னால்தான் திறக்கணும். வேற யார் சொன்னாலும் கூடாது. ஏகநாதன் சொன்னா நிச்சயமா கூடாது.”

“சைகை, சீட்டு?”

“தண்ணி லாரி ஞாபகம் இருக்கில்லையா?”

“இருக்கு சார்” என்றார் லாசரஸ். அது அவருக்கு மறக்காது. அதற்காக அவரைப் பொதுக்குழுவில் எழுப்பி நிறுத்தியிருந்தார்கள்.

இந்தத் திட்டத்தில் ஒரே ஓர் ஓட்டை. அலகு, கோயிலுக்குப் போன பிறகு அர்ச்சனை மாதிரி வரிசையில் நின்று போட்டுக்கொள்வது என்று பத்ரிநாராயணன் நினைத்திருந்தார். யாரிடமும் கேட்கவில்லை. கேட்கும் பழக்கம் இருந்தால்தானே.

ஆடி ஞாயிறு காலை ஏரிக்கரையில் பம்பையும் உடுக்கையும் அதிர்ந்தன. பத்ரிநாராயணன் ஏரித் தண்ணீரில் முழுகி, மஞ்சள் வேட்டியும் வேப்பிலையுமாக வந்து நின்றார். இடுப்பில் சொருகியிருந்த உரையும் அவரோடு சேர்ந்து முழுகியிருந்தது. ஏகநாதன் ஒரு தட்டோடு எதிரில் வந்தார்.

“இங்கேயேவா? கோயில்லன்னா நெனைச்சேன்?”

“இங்க போட்டுக்கினு நடக்கணும் சார். அங்க போய்த்தான் கயட்றது. நடுவுல எடுத்தா வேண்டுதல் முறிஞ்ச மாரி. வந்த வழியே திரும்பி நடக்கவும் கூடாது. பேச்சு மூச்சு கூடாது.”

அந்த நொடியில் பத்ரிநாராயணனுக்குக் கேட் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. தட்டில் இருந்த வெள்ளி அலகைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. உண்மையில் அது கபாப் கம்பி அளவெல்லாம் இல்லை. சற்றே பெரிய கோணி ஊசி, நுனியில் குட்டி வேல்.

ஏகநாதன் ஒரு பிடி விபூதியை அள்ளி அவர் கன்னத்தில் அழுத்தித் தேய்த்தார். காதருகே குனிந்தார்.

“இது இன்னா தெரியுமா சார்? மாட்டுச் சாணிய எரிச்ச சாம்பல். மாட்ட வித்துட்டோம். இத மட்டும் வெச்சினு கீறோம்.”

பத்ரிநாராயணன் வாழ்க்கையில் முதல் முறையாகப் பதில் தேடினார். கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் பயனில்லை, அவர் வாயைத் திறப்பதற்குள் அலகு ஒரு கன்னத்தில் நுழைந்து மறு கன்னத்தில் வந்திருந்தது. எறும்பு கடித்தது போலத்தான் இருந்தது. குத்தத் தெரிந்தவன் கை அப்படி இருக்கும் போலும்.

ஊர்வலம் நகர்ந்தது. சாவித்ரி பக்கத்திலேயே நடந்தார். மூன்றாவது தெரு முனையைத் திரும்பியதும் எதிரே சிவப்பு ரிப்பன் கட்டிய கேட். மூடிய கேட். அதன் முன்னால் இஸ்திரி போட்ட சீருடையில் லாசரஸ். பத்ரிநாராயணனின் கண்கள் விரிந்ததைப் பார்த்த ஊர்க்காரர்கள், அருள் வந்துவிட்டது என்று குலவையிட்டார்கள்.

லாசரஸ் சல்யூட் அடித்தார். “வந்துட்டீங்களா சார். சொல்லுங்க, தொறக்கறேன்.”

“ம்ம்” என்றார் பத்ரிநாராயணன்.

“ம்ம்னா இன்னா சார்? தொறக்கவா, மூடவா?”

பத்ரிநாராயணன் கையை வீசினார்.

“சைகை வேணாம் சார். போன தடவ ஊரே குளிக்கல.”

ஏகநாதன் முன்னால் வந்தார். “யோவ் லாசரஸ், அவரு வாயில இன்னா கீதுன்னு பாத்தியா? தொறய்யா.”

“பாத்தேன்ணா. ஆனா யார் சொன்னாலும் தொறக்கக் கூடாதுன்னு சார் ஆர்டர். ஏகநாதன் சொன்னா நிச்சயமா கூடாதுன்னு பேரப் போட்டே சொல்லிக்கீறார்.”

ஏகநாதன் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். பத்ரிநாராயணன் ரிப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் சிரிப்பு எந்தப் பால்கனியிலிருந்து வந்ததோ தெரியாது. வந்ததும் மற்றப் பால்கனிகளுக்குத் தாவியது. பத்ரிநாராயணனுக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். அவர் தயாரித்துக் காலனிக்கு விநியோகித்த சரக்கு அது. அது இறங்கும் இடத்தில் நின்று கேட்பது இதுதான் முதல் தடவை. அங்கே அதன் சத்தம் வேறு மாதிரி இருந்தது.

ஊர்வல வண்டியின் மைக் ஏகநாதன் கையில் இருந்தது. இப்போது அதில் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பத்ரிநாராயணன் வேறு ஊருக்கு வீடு மாற்ற வேண்டியிருந்திருக்கும். ஊர்க்காரர்களும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். ஏகநாதன் மைக்கைப் பார்த்தார். பிறகு அதன் சுவிட்சை அணைத்தார்.

பத்ரிநாராயணனின் கை கன்னத்தை நோக்கி எழுந்தது. எடுத்துவிட்டு ‘திற’ என்று சொல்லிவிடலாம். ஒரு சொல். சாவித்ரி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

“எடுக்காதீங்கோ” என்றார். பிறகு கேட் பக்கம் திரும்பினார். காலனிக் கூட்டங்களில் சுண்டல் கொடுப்பதற்கு மட்டுமே எழுந்தவர். “லாசரஸ், கதவைத் திற.”

“அம்மா, நீங்க சொன்னா செல்லுமாம்மா?”

“நாற்பது வருஷமா எனக்கும் சேர்த்து இவர்தான் பேசிண்டிருக்கார். நான் ஒரு நாள்கூட செல்லாதுன்னு சொன்னதில்லே. இன்னிக்கு ஒரு நாள் இவருக்கும் சேர்த்து நான் பேசறேன். திற.”

பம்பைக்காரர்கூடக் கையை நிறுத்தினார். லாசரஸ் சற்று யோசித்தார். பொதுக்குழுக் கூட்டங்களில் வாசலில் நின்று அவரும் சிலதைக் கற்றிருந்தார்.

“அம்மா ஒரு தீர்மானம் கொண்டாந்துக்கீறாங்க” என்றார் உரக்க. “ஆட்சேபணை இருக்கிறவங்க வாயால சொல்லலாம்.” தலைவரின் முகத்தை மரியாதையாகப் பார்த்தபடி காத்திருந்தார். “சாருக்கு ஆட்சேபணை இல்ல. நிறைவேறிடுச்சு.”

ரிப்பனை வெட்டக் கத்தரிக்கோல் தேடவில்லை. கேட் திறந்த வேகத்தில் அதுவே அறுந்துகொண்டது.

மூன்றாவது தெருவில் ஊர்வலம் வந்து பல வருஷங்கள் ஆகியிருந்தன. வேடிக்கை பார்ப்பதா, கும்பிடுவதா என்று தெரியாமல் காலனிக்காரர்கள் வாசலில் நின்றார்கள். முதலில் இறங்கி வந்தவர் டாக்டர் கீதா. கையில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீர். பத்ரிநாராயணன் கால்களில் அதை ஊற்றிவிட்டு நிமிர்ந்து கன்னத்தைக் கூர்ந்து பார்த்தார்.

“சுத்தமாத்தான் போட்டிருக்காங்க. டெட்டனஸ் ஊசி ஒண்ணு போட்டுக்குங்க சார். கத்தரிச் செடி பிழைச்சிடுச்சு, நீங்களும் பிழைச்சிடுவீங்க.”

அவருக்குப் பின்னால் அடுத்த வீட்டுக் குடம் வந்தது. அதற்குப் பின்னால் பிளாஸ்டிக் பக்கெட். குழாய்த் தண்ணீரில் சமையலறை மஞ்சள்தூளைக் கலக்கிக்கொண்டு தெருவே இறங்கியது. சாம்பார் பொடியை எடுத்து வந்த ஒரு வீட்டை மட்டும் நல்ல வேளையாகத் தடுத்தார்கள்.

கோயிலில் ஏகநாதன் அலகை உருவி எடுத்து, கன்னத்தில் விபூதியை அழுத்திப் பிடித்தார். ரத்தம் ஒரு பொட்டுகூட இல்லை. யாரோ ஒரு சொம்பில் கூழ் கொடுத்தார்கள். யாரோ மைக்கை நீட்டினார்கள்.

“சார், ரெண்டு வார்த்த” என்றார் ஏகநாதன். அவர் அதை முழு மனதோடுதான் கேட்டார்.

பத்ரிநாராயணன் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். உரை ஏரியில் கரைந்துவிட்டது. அதுவல்ல அவர் பயம். வாயைத் திறந்தால் என்ன வரும்? குரலா, காற்றா? சாவித்ரி இரண்டு கைகளாலும் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அவர் தொண்டையையே பார்த்தார். நேரம் கடத்துவதற்காகப் பத்ரிநாராயணன் ஒரு வாய் கூழ் குடித்தார். விழுங்கினார்.

“உப்பு கம்மி” என்றார்.

கணீரென்று ஒலிபெருக்கி அதைச் சேலையூர் முழுக்கக் கொண்டுபோயிற்று. சாவித்ரி தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்து ஒரு பெண் ஓடிவந்து அணைத்துக்கொண்டார். சிரிப்பு என்பது பிறகுதான் தெரிந்தது.

“ஆத்தா குடுத்த கொரலு சார்” என்றார் ஏகநாதன். “மொத வேலையா அவ கூழயே கொற சொல்றீங்க.” ஒரு வாய் குடித்துப் பார்த்தார். “கம்மிதான். டேய், உப்பு கொண்டாங்கடா.”

சௌபாக்யா நகர் வரலாற்றில் தலைவர் ஆற்றிய மிகச் சிறிய உரை அதுதான். உடனே பலனளித்ததும் அது ஒன்றுதான்.

மறுநாள் காலை பத்ரிநாராயணன் கேட்டுக்கு வந்தபோது லாசரஸ் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். தலைவர் அந்தப் பழைய வசனத்துக்காக வாயைத் திறந்தார். கன்னத்தில் காய்ந்துகொண்டிருந்த புள்ளி சுருக்கென்று இழுத்தது. மூடிக்கொண்டு தொண்டையை மட்டும் கனைத்தார். லாசரஸ் துள்ளி எழுந்தார்.

“உட்காருங்க” என்றார் பத்ரிநாராயணன். “உங்களை இனி யாரும் எழுப்ப மாட்டாங்க. ஆடி மாசம் ஊர்வலம் வந்தா யாரையும் கேட்க வேண்டாம், திறந்து விடுங்க. ஏகநாதன் எப்போ வந்து கேட்டாலும் திறங்க. இது என் வாயால் சொன்ன உத்தரவு.”

“சரி சார்” என்றார் லாசரஸ். கொஞ்சம் தயங்கினார். “எதுக்கும் அம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கவா சார்?”

பத்ரிநாராயணனுக்குள் ஒரு பதில் கூர்மையாக எழுந்து நாக்கு நுனிவரை வந்தது. நல்ல பதில்தான். அதை அப்படியே விழுங்கிவிட்டு, “கேட்டுக்கோங்க” என்று நடந்தார். அவர் சிரித்தபோது கன்னம் இரண்டு பக்கமும் லேசாக வலித்தது.